ஓரின் அப்படிச் செய்யமாட்டான்

கடைசி எபிசோடின் படத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு சின்னக் கோடு.

அவள் ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

சின்னக் கோடுதான். ஆனால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. இந்த வீட்டில் யாரோ இதைப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தி ஒரு வாரமாக அம்மா வீட்டில் இருந்தாள்.

துரோகி.

கல்யாணம் ஆனதிலிருந்து இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு ஒப்பந்தம். மாமியார், நாத்தனார், பண்டிகைக்கு யார் வீடு, எதற்கும் ஒப்பந்தம் கிடையாது. இந்த சூப்பர் ஹீரோ படங்களையும் தொடர்களையும் மட்டும் ஒருவரை விட்டு ஒருவர் பார்ப்பதில்லை. காய்ச்சல் அடித்தாலும் சரி, பேச்சுவார்த்தையே இல்லாவிட்டாலும் சரி.

அதனால்தான் இன்று சண்டையை நடுவில் நிறுத்திவைத்துவிட்டு வந்திருந்தாள். பையைக்கூட உள்ளே கொண்டுவரவில்லை, வாசல் பக்கமே வைத்திருந்தாள். எபிசோடு முடிந்ததும் கிளம்பிவிடலாம்.

சண்டை வந்ததும் இதனால்தான்.

அந்தக் கதைகளில் உருமாறிகள் என்று ஒரு கூட்டம் உண்டு. யார் முகத்தை வேண்டுமானாலும் எடுத்து மாட்டிக்கொள்வார்கள். எந்த ஹீரோ நிஜம், எந்த ஹீரோ உருமாறி என்பது ரசிகர்களுக்குள் ஓயாத வழக்கு.

அவளுக்குப் பிடித்தவன் கமாண்டர் ஓரின். மூன்றாவது படத்தில் அவன் தன் ஆட்களை எரிகிற பாலத்தில் விட்டுவிட்டு ஓடிப்போனான். தியேட்டரிலேயே அவள் அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அடித்துச் சொன்னாள், ஓரின் அப்படிச் செய்யமாட்டான், அது வேறு எவனோ என்று. ஓரினேதான் என்று கணவன் பந்தயம் கட்டினான்.

அன்றிலிருந்து ஆதாரம் சேர்த்தாள். இடது கையால் காபி குடிக்கிறான் பார். தான் வளர்த்த நாயைத் தடவிக்கூடக் கொடுக்கவில்லை பார். எல்லாவற்றையும் கோத்து ரசிகர் குழுவில் நீளமாக எழுதிப் போட்டாள். அதற்குக் கீழே எவனோ ஒருவன், 'அக்கா ஓரினுக்கு வக்கீல் வேலை பார்க்குது' என்று போட்டான். அதற்குச் சிரிப்பு பொம்மை போட்டவர்கள் பெருங்கூட்டம்.

கூட்டத்தில் ஒருவன் அவள் கணவன் குமரேசன்.

வீட்டுக்குள் ஆயிரம் சிரிக்கலாம். அத்தனை பேர் நடுவிலா?

கேட்டதற்கு, கை பட்டுவிட்டது என்றான். அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

அடுப்படியிலிருந்து வாசனை வந்தது. வெங்காயப் பக்கோடா.

குமரேசன் சும்மா அடுப்படிப் பக்கம் போகிறவன் இல்லை. அவளுக்கு வேலை போன அன்று பக்கோடா போட்டான். ஸ்கூட்டர் திருட்டுப்போன அன்றும் போட்டான். கெட்ட செய்தியை வெறுங்கையோடு சொல்ல அவனுக்கு வராது.

பார்த்திருக்கிறான். பக்கோடாவும் போடுகிறான். இதற்கு மேல் ஆதாரம் எதற்கு?

தட்டோடு வந்தவன் டி.வி.யைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"கொஞ்சம்தான் பாத்தேன். உன் ஓரின் விஷயம் தெரியற வரைக்கும்."

"எதுக்கு?"

"நீ சொன்னது தப்பாயிருந்தா... நீ தனியா தெரிஞ்சுக்கக் கூடாதுல்ல. முன்னாடியே தெரிஞ்சா நான் கொஞ்சம் தயாரா இருப்பேன்."

அவள் முதலிலிருந்து ஓடவிட்டாள். சோபாவின் இந்த மூலையில் அவள், அந்த மூலையில் அவன், நடுவில் தட்டு.

அவள் திரையைப் பார்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பந்தயத்தில் ஜெயித்தவன் அவன்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஓரினை நாற்காலியில் கட்டிப்போட்டார்கள். ஒரு நீல விளக்கைக் கொண்டுவந்தார்கள். உருமாறி மேல் பட்டால் போலி முகம் உருகி வழிந்துவிடும்.

விளக்கைப் போட்டார்கள்.

முகம் மாறவில்லை.

நரைத்த மீசை, நெற்றித் தழும்பு, எல்லாம் அப்படியே இருந்தன.

"வேறு யாரும் இல்லை. ஓடிப்போனது நான்தான்," என்றான் ஓரின், டப்பிங் குரலில். "பயந்துவிட்டேன்."

குமரேசன் ரிமோட்டை எடுத்து அங்கேயே நிறுத்தினான்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நாற்காலியில் கட்டுண்டு கிடந்தவன் மேல் பாவமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் அவள் வாதாடியது இல்லாத ஒருவனுக்காக. இதோ இருக்கிறவன் இவன்தான். இவனையும் பிடிக்கத்தான் செய்தது.

குமரேசன் ஒரு பக்கோடாவை எடுத்தான். தின்னாமல் உடைத்துக்கொண்டே இருந்தான்.

"அன்னிக்குக் கை பட்டுடுச்சுன்னு சொன்னேன்ல. படல. நான்தான் போட்டேன். எல்லாரும் சிரிச்சாங்கன்னு நானும் சிரிச்சுட்டேன்."

அவள் அவன் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள். தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அது இருந்த இடத்துக்குத் தான் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு ஓடவிட்டாள்.

இதற்கு மேல் அவனும் பார்த்திருக்கவில்லை.

பாலத்தில் தப்பிப் பிழைத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து ஓரினைச் சுற்றி நின்றார்கள். யாரும் அசையவில்லை. யாரும் பேசவில்லை. ஓரின் தலையைத் தூக்கவே இல்லை.

"கட்ட அவுத்து விடுங்கடா," என்றாள் அவள், வாய் நிறையப் பக்கோடாவோடு.