வால் சிவந்த மீன்

"மணலக் கழுவாமப் போட்டிருப்பாராம். தண்ணி கலங்கிக் கிடக்குமாம். மாத்தட்டாம்."

உள்ளறைக் கதவு ஒரு சாண் திறந்து, பாண்டிருப்பு மருத்துவிச்சி சிவக்கொழுந்தின் தலை மட்டும் வெளியே வந்தது. செய்தியைச் சொல்லிவிட்டுத் தலை உள்ளே போனது, கதவும் சாத்திக்கொண்டது.

அபூசாலி கண்ணாடி மீன்தொட்டியைப் பார்த்தான். தண்ணீர் உண்மையிலேயே கலங்கித்தான் கிடந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால், அவ்வளவு வலியோடு படுத்திருந்த அவன் மனைவி சித்தி லைலா அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அவனுக்கு வியப்பாக இருந்தது.

முதல் பிள்ளை பிறந்த அன்றே மவுத்தாகி மண்ணுக்குப் போனது. அதன் பிறகு லைலா சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். இடுப்பில் உடுக்கும் சாறன்களை விற்கக் கொழும்புக்குப் போன அபூசாலி, மீன் ஓடுவதைப் பார்த்தாலாவது அவள் முகம் மாறும் என்று அந்தத் தொட்டியை வாங்கி, வைக்கோலில் பொதிந்து கல்முனைக்குக் கொண்டுவந்தான். "பொறகு பாப்பம்" என்றாள் அவள். தொட்டி மூலையில் கவிழ்ந்து கிடந்தது.

இன்று விடியற்காலை சுபஹுத் தொழுகையோடு லைலாவுக்கு இரண்டாவது பிள்ளைக்கு வலி கண்டது. அபூசாலி கூடத்தில் நடந்தான்; முற்றத்துக்குப் போனான்; திரும்பி வந்து கதவைத் தட்டினான். போன தடவையும் இப்படித்தான். அவன் கதவை இடித்து அழுத அழுகையில் உள்ளே கிடந்தவள் மிரண்டுபோனாள்.

அப்போதுதான் சிவக்கொழுந்து வெளியே வந்தாள்.

"தம்பி, உங்கட பொஞ்சாதிக்கு ஒரு ஆச. பிள்ள பிறக்கக்குள்ள அந்தத் தொட்டியில மீன் ஓட வேணுமாம்."

"இப்பயா அக்கா?"

"வயித்துப் பிள்ளக்காரி கேட்டா மறுக்கலாமா?"

அபூசாலி தொட்டியைத் தூக்கி முன்கூடத்து மேசையில் வைத்தான். கசிந்த மூலையைத் தேன்மெழுகால் அடைத்தான். முற்றத்து மணலை அப்படியே அள்ளிக் கொட்டி, கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தான்.

கை ஓய்ந்தபோதெல்லாம் கால் தானாகக் கதவடிக்குப் போனது. காதை வைக்கப் போவான், கதவு திறக்கும்.

"மணல் வேணாமாம், கூழாங்கல்லுப் போடட்டாம்."

அள்ளிப் போட்டுவிட்டு மீண்டும் காதை வைக்கப் போனான்.

"கல்லுல மீன் உரசுமாம். மணலே நல்லமாம். கழுவிப் போடட்டாம்."

அவனுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை கேட்கிறாள் என்றால் உயிரோடு தெம்பாக இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? வாய்க்காலில் சாறனை விரித்து வாரிய பனையேறி மீன்களைத் தொட்டியில் விட்டான். அதில் ஒன்று துள்ளி விழுந்து தரையில் நகர்ந்தது. அதைத் துரத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே லைலா வீரிட்டாள்.

மீனை எறிந்துவிட்டுப் பாய்ந்தான். கதவை இடிக்கக் கை ஓங்கியபோதே சிவக்கொழுந்தின் முகம் தெரிந்தது. வேர்த்து ஊற்றியிருந்தது.

"கறுத்த மீன் வேணாமாம்! வால் சிவந்ததுதான் வேணுமாம். ஓடுங்க தம்பி!"

"அவ கத்துறாளே அக்கா!"

"மீனுக்குத்தான் கத்துறா. ஓடுங்க!"

சைக்கிளை எடுத்தான். மேற்கே வயல் தாண்டி ஆழ வாய்க்காலில் கழுத்தளவு இறங்கினான். "யா அல்லாஹ், இந்த ஒரு மீன மட்டும் அவளுக்குத் தா" என்று வாய்விட்டுக் கெஞ்சினான். சாறனை விரித்து வீசிய வீச்சில் கைகள் சோர்ந்துபோன நேரம், சிவந்த வாலோடு ஒன்று சிக்கியது.

போத்தலில் மீனோடு படலையைத் திறந்தபோது உள்ளேயிருந்து கேட்டது பிள்ளையின் அழுகை. மீனைத் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே போனான்.

பெண் பிள்ளை. கையிலெடுத்து, வலக்காதில் பாங்கு சொன்னான். பிறகு கட்டிலருகே குந்தினான்.

"லைலா, நீ செல்லின மாதிரியே வால் செவந்த மீன்தான் புடிச்சி வந்திரிக்கன். மணலும் நீ கேட்டதுதான்."

சோர்ந்த கண்ணைத் திறந்து, "மீனா?" என்றாள் லைலா.

சிவக்கொழுந்து அந்தப் பக்கம் திரும்பி, பிழிந்த துணியையே மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள்.

"மீன் ஆருக்கு வேணும்? நான் ஒங்களயல்லோ கூப்பிடச் செல்லிக் கத்தினன்!"