தண்ணி தெளிச்சவ

"பன்னெண்டு பொம்பளைங்க வயித்துல அடிக்கிறதுக்குன்னே ஒரு மிஷினு! இந்த ஆண்டை நல்லா இருப்பாரா?"

இடுப்புக் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு பொரிந்து தள்ளினாள் வேலம்மாள்.

பாகூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் கண்ணையன் வீட்டுக் களத்தில் அன்று காலைதான் மிஷின் வந்து இறங்கியிருந்தது. சீமையிலிருந்து வந்ததல்ல. தச்சர் இன்னாசிமுத்து கதவைச் சாத்திக்கொண்டு மாசக்கணக்கில் செதுக்கிய சரக்கு. முதலில் செய்த ரெண்டு பெட்டியும் பருப்பையெல்லாம் மாவாக்கிவிட்டதாம். இது மூணாவது. தொட்டில் மாதிரி ஒரு மரப்பெட்டி, அடியில் இரும்புக் கம்பி, மேலே ஒரு பிடி. பிடியை ஆட்டினால் மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, தோல் வேறு பருப்பு வேறாக உதிரும்.

"சீமையில பேங்கெல்லாம் சாத்திட்டானாம். நெல்லு வாங்க ஆள் இல்ல, மல்லாட்டை வாங்க ஆள் இல்ல. அவனவன் மடியை இறுக்கி முடிஞ்சுக்கினு இருக்கான். இந்த மனுஷன் ஜோடிக் காளையை வித்து மரப்பெட்டி செய்யறாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டார் பக்கத்துப் பண்ணை அரங்கநாதன்.

காசம்மாளுக்கோ வேறு கவலை. மல்லாட்டை உடைக்கிற பன்னிரண்டு பெண்களுக்கும் அவள்தான் மூத்தவள். மிஷின் எதற்கு வந்திருக்கிறதென்று தனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தாள்.

என்ன காலம் அதெல்லாம்! புதுச்சேரிக் கடலில் கப்பல் வரிசைகட்டி நின்ற வருஷங்கள். மல்லாட்டையில் தண்ணி தெளித்துவிட்டால் போதும், தோல் பட்டுப்பட்டென்று விட்டுக்கொடுக்கும். பன்னிரண்டு பேரும் வட்டம் கட்டி உட்கார்ந்தால் ஒரே பாட்டு, ஒரே வம்பு, சிரித்துச் சிரித்து வயிறு நோகும். வியாபாரியும் எதைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் அள்ளிக்கொண்டான்.

விலை விழுந்ததும் அவனுக்குத் திடீரென்று கண் தெரிய ஆரம்பித்துவிட்டது. "ஈரப் பருப்பு கப்பல்ல பூசணம் பூக்குது. தண்ணி படாம காய உடைச்சதுதான் வேணும்" என்றான்.

அதனால் போன பருவம் கண்ணையன் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. ஆமா!"

காய உடைத்துப் பார்த்தவளுக்குத்தான் அந்த அருமை தெரியும். மூன்றே நாளில் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. வேலம்மாள் அப்போது பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகாதவள். குழந்தையைத் தூக்க முடியாமல், சோற்றைப் பிசைய முடியாமல் அழுதாள். காசம்மாளுக்குப் பொறுக்கவில்லை. நாலாம் நாள் மத்தியானம் எல்லோரும் கஞ்சி குடிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு குடம் தண்ணியைக் கொண்டுவந்து தெளித்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் தெளித்தாள்.

புதுச்சேரிக்குப் போன மூட்டையில் ஒன்பது திரும்பி வந்தது. பச்சையாகப் பூசணம்.

கண்ணையன் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் காசம்மாளை இத்தனை நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. கேட்காமல் மனசுக்குள்ளேயே வைத்திருந்து, இப்போது மிஷினாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டாரே! தான் செய்ததற்கு மற்ற பதினோரு பேரும் பட்டினி கிடப்பதா?

நேரே களத்துக்குப் போனாள்.

"ஆண்டே, போன வருஷம் தண்ணி தெளிச்சவ நான்தான். அவளுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. என்னை வெரட்டிடுங்க. அவளுங்க வாயில மண்ணைப் போட்டுடாதீங்க. புண்ணியமா போவும்!"

கண்ணையன் மிஷின் பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"உங்களை வெரட்டறேன்னு எவ சொன்னா? இது காய உடைக்கும், அவ்வளவுதான். சொத்தை பொறுக்குமா? தோலைப் புடைக்குமா? இனிமே திருக்கனூர் வரைக்கும் இருக்கிற மல்லாட்டை இங்கதான் வரப்போவுது. பன்னெண்டு பேர் எனக்குப் பத்தாது. இன்னும் ரெண்டு பேர் இருந்தா இட்டுக்கினு வா."

காசம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"எம்மேல கோவம் இல்லியா?"

"ஒம்போது மூட்டை போச்சு. கோவம் இல்லாம இருக்குமா? நல்லாவே இருந்துது."

"நான்தான்னு தெரியுமா?"

"குடத்தைத் தூக்கிக்கினு நீ போனதை நான்தான் பார்த்தேனே."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அய்யோ! அப்பவே ஏன் ஆண்டே கேக்கலை?"

கண்ணையன் குனிந்து கீழே கிடந்த ஒரு தோலை எடுத்துப் புரட்டினார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"கேட்டா, மறுபடியும் காய உடைங்கன்னு என் வாயால சொல்லணும். நீ தண்ணி தெளிச்சதுக்கு மொத நாள்தான் தோலு அம்பாரத்துல கையை விட்டேன், காசம்மா. உள்பக்கம் பூரா உங்க வெரல் ரத்தம். அன்னிக்குச் சாயந்திரமே இன்னாசிமுத்துவுக்கு ஆள் அனுப்பிட்டேன்."