இருபத்திரண்டாம் வரிசை, நடு இருக்கை

பெங்களூரிலிருந்து கோவைக்கு ஒரு மணி நேரம்தான். விமானம் இன்னும் நகரவில்லை. இருபத்திரண்டாம் வரிசையின் நடு இருக்கையில் தர்ஷினி இருக்கிறாள். கல்யாணமாகி நான்கு மாதமே ஆன கணவன் கவின் ஐந்தாம் வரிசையில். ஏறியதும் உதட்டைப் பிதுக்கி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் அவன் உட்கார்ந்தான். மலிவு டிக்கெட் என்றால் இப்படித்தான் பிரித்துப் போடுவார்களாம், அவன்தான் சொன்னான். பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. "அவர இங்க கூப்பிட்டுக்க கண்ணு, நான் முன்னால போய்க்கறேன்" என்று பெல்ட்டைக் கழற்றி, மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்து நிற்கிறார். காலை வெயில் அவர் வேட்டி மேல் சதுரமாக விழுந்திருக்கிறது. பணிப்பெண் வருகிறாள். "புருஷன் பொண்டாட்டியக்கூடவா பிரிச்சுப் போடுவீங்க?" தர்ஷினி சிரித்துக்கொண்டேதான் கேட்கிறாள். கவின் எடுத்து அனுப்பியிருந்த டிக்கெட்டைப் போனில் திறந்து நீட்டுகிறாள். பணிப்பெண் குனிந்து படிக்கிறாள். "நாங்க பிரிக்கல மேடம். சீட் செலக்‌ஷனுக்குத் தனியா பே பண்ணி, இந்த ரெண்டு சீட்டையும் புக் பண்ணும்போதே எடுத்திருக்காங்க. இதோ பாருங்க." சிவப்புச் சாயம் பூசிய நகம் திரையில் ஓரிடத்தைத் தொட்டு நிற்கிறது. தலைக்கு மேலே குளிர்காற்று உஸ்ஸென்று இறங்குகிறது. "அவர வரச் சொல்லட்டா கண்ணு?" பெரியவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். தர்ஷினியின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருக்கிறது. ஐந்தாம் வரிசையிலிருந்து கவின் திரும்பிப் பார்க்கிறான். உதட்டைப் பிதுக்குகிறான். இரண்டு கைகளையும் விரிக்கிறான்.