குழுவுக்குப் போன குரல்

"நிறுத்தக்குறியையும் வாயாலை சொல்லோணும் அக்கா. இல்லாட்டி ஆர் எவடத்திலை கதைக்கினம் எண்டு எனக்கு விளங்காது."

"கால்புள்ளி, முற்றுப்புள்ளி எண்டு தனிய இருந்து சொல்லிக்கொண்டிருந்தால் ஊரிலை எனக்கு விசர் எண்டெல்லோ சொல்லுவினம்?"

"சொல்லட்டும். கையாலை எழுதினதை அடிக்க எங்களிட்டை இப்ப ஆக்கள் இல்லை. குரலெண்டால் கொம்பியூட்டரே எழுத்தாக்கிவிடும்."

பத்திரிகையின் வாரமலரைக் கவனிக்கும் அருந்ததியும் அதில் எழுதுகிற சுபாஜினியும் போனில் இப்படிக் கதைத்தது போன வருடம். போனில் தமிழ் அடிக்கப்போய் ஒரு பந்திக்கு ஒரு பகலைத் தொலைத்த சுபாஜினி, அன்றிலிருந்து தன் தொடர்கதையைக் குரல்பதிவாகவே அனுப்பினாள். குசினியில் வெங்காயம் உரித்தபடி, "அவள் அழுதாள் முற்றுப்புள்ளி" என்பாள். அவளுடைய கணவன் யதுசனுக்கு அது பெரிய பகிடி. "சோறு போடன் ஆச்சரியக்குறி!" என்று அயல் முழுக்கக் கேட்கக் கத்துவான்.

அவளுடைய குரலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஈரக் கையோடு போனைத் தட்டி வாசிக்க முடியாத கடற்றொழிலாளர்களுக்காக, விடிய எழும்பி வானிலை அறிவித்தலை வாசித்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். பருத்தித்துறைக் கரைக்குத் திரும்புகிற வள்ளங்களில் எல்லாம் அந்தக் குரல் உரத்து ஒலிக்கும்.

அன்று விடிய ஒலித்தது காற்றைப் பற்றியதல்ல.

"போறதெண்டால் போங்கோ. ஒரு போன் படத்தோடை ரண்டு வருசம் குடும்பம் நடத்த என்னாலை ஏலாது. எனக்கு உங்கடை காசும் வேண்டாம், மாடி வீடும் வேண்டாம். நீங்கள் திரும்பி வரேக்கை வாசல்லை நிண்டு சிரிக்கிற பொம்பிளை நானில்லை."

அடுத்த கிழமை யதுசன் வெளிநாட்டுக் கப்பல் வேலைக்குப் போகிறான் என்பது கடற்கரைக்கே தெரியும். கடலிலிருந்து வந்து மீன் ஏலம் போகிற இடத்தில் அவன் கால் வைத்ததும் எல்லோருடைய கதையும் நின்றது.

"என்ன யது, கப்பலுக்குப் போறியோ, இல்லை மனிசியின்ரை காலிலை விழப் போறியோ?" தராசுக்குப் பின்னால் நின்ற ஒருவன் கேட்டான். சிரிப்பு அலைபோல எழும்பியது.

மீனை விற்கவும் நிற்காமல் யதுசன் சைக்கிளை மிதித்தான். வீட்டு வாசலில் இன்னொரு சைக்கிள் நின்றது. சங்கத் தலைவர் தம்பிஐயா அவனுக்கு முன்பே வந்து கதிரையில் இருந்தார்.

"புருசன் பெண்சாதி கோவத்தைக் குறூப்பிலை போடுறதே தங்கச்சி?"

"கோவமோ?" சுபாஜினி தேங்காய் திருவுவதை நிறுத்தவில்லை. "உது என்ரை கதையெல்லோ அண்ணை. அருந்ததிக்குப் போகவேண்டியது, மாறி உங்களுக்கு வந்திட்டுது."

தம்பிஐயா வாயைப் பிளந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். யதுசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆறு மாதமாகக் கப்பல் பேச்சு வரும்போதெல்லாம் "உங்கடை விருப்பம்" என்று மட்டுமே சொல்லிவந்தவள், அப்படியா கதைப்பாள்? சந்தேகப்பட்டதற்காகத் தன்னையே நொந்துகொண்டான்.

"அப்ப சரி. குறூப்பிலை ஒரு மன்னிப்பைக் கேட்டுவிடு," என்றார் தம்பிஐயா. "விடியக் காலமை அபசகுனமாப் போச்சு எண்டு எல்லாரும் ஏசுறாங்கள். உந்தப் போனுக்குக் கதை சொல்லுற விளையாட்டையும் விடு."

"ரண்டும் நடவாது அண்ணை."

"சுபா!" என்றான் யதுசன்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ." அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "உங்கடை குறூப்பிலை எஞ்சின் பழுதும் வருது, எலெக்சன் சண்டையும் வருது. ஒரு பொம்பிளை தன்ரை மனசிலை கிடந்ததைச் சொன்னால் மட்டும் கடல் வத்திப்போகுமோ? நான் சொன்னதிலை ஒரு சொல்லுப் பிழை எண்டு காட்டுங்கோ. எழுதுறதையே விட்டிடுறன்."

தம்பிஐயா எழும்பிச் சால்வையை உதறித் தோளில் போட்டார். "உன்ரை மனிசியிட்டை வாய் குடுத்துத் தப்பேலாதடா தம்பி," என்றபடி சைக்கிளை எடுத்தார்.

படலை சாத்திய சத்தம் கேட்டதும் யதுசன் அவளுக்கு முன்னால் வந்து குந்தினான்.

"ஊர் சிரிச்சது சிரிச்சுப்போட்டுது. அதை இனி அழிச்சுவிடு."

"அழிக்கமாட்டன்."

"கதைதானே? எப்பிடியும் ஞாயிற்றுக்கிழமை பேப்பரிலை வரப்போகுது. இஞ்சை அழிச்சால் உனக்கென்ன?"

"ஞாயிற்றுக்கிழமை வாறது கலியாண வீடு," என்றாள் அவள். "அந்த அத்தியாயம் முந்தநாளே அருந்ததிக்குப் போயிட்டுது. நீங்கள் கேட்டதிலை நான் ஒரு முற்றுப்புள்ளியாவது சொன்னனானோ?"

யதுசன் விளங்காமல் பார்த்தான்.

"அப்ப உது ஆருக்கு அனுப்பினது?"

அவள் தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கண்கள் கலங்கியிருந்தன, குரல் கலங்கவில்லை.

"உங்களுக்கு மட்டும் அனுப்பினது. போகாதையுங்கோ."