டாக்டருக்குப் பிடிக்காத படம்

"மத்தப் படங்களை என்ன வேணாலும் சொல்லு. எலாமான் எடுத்த படத்தை மட்டும் விட்டுடு," என்று மனைவியின் காதருகே கெஞ்சினார் இஷேன்.

சைக்கால் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரகோல் ஊரில் கெனேஷின் தியேட்டரில் ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் இந்தக் கூட்டம் நடக்கும். படம் பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அந்த வருஷம் தனக்குப் பிடித்தது எது, ஏமாற்றியது எது என்று சொல்ல வேண்டும். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே இடம் இருக்காது.

இஷேனின் பயத்தில் நியாயம் இருந்தது. எலாமானின் தம்பிக்குத்தான் அவர் மகள் மீரிமைப் பேசி முடித்திருந்தார்கள். எலாமானின் அம்மா அனார்கான் வந்து மீரிமின் காதில் தோடு போட்டுவிட்டால் நிச்சயம் ஆனமாதிரி. கணவன் இறந்தபின் தனியாளாக மகன்களை வளர்த்த அந்த அனார்கான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போகிறவன் வருகிறவன் எல்லாம், "உங்க பையனால நம்ம ஊருக்கே பெருமை," என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

எலாமானின் படத்துக்குத் தலைநகர் பிஷ்கெக்கில் ஏதோ பரிசு கிடைத்திருந்தது. ஊரே சேர்ந்து அவனுக்கு மேலங்கி போர்த்தி, வெள்ளைக் கம்பளித் தொப்பி வைத்து ஊர்வலம் விட்டிருந்தது.

"அடுத்து நம்ம பல் டாக்டர்," என்றார் கெனேஷ்.

சைக்கால் எழுந்தாள்.

"எனக்குப் பிடிச்சது, கழுதை தொலைஞ்ச படம். ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்க, படம் முழுக்க ஒரு கழுதையைத் தேடுறாங்க. அவ்வளவுதான்."

"அதுலயா? நான் நல்லாத் தூங்கினேன்," என்றது ஒரு குரல். சிரிப்பு.

"தூங்கினவங்க அபிப்பிராயத்தை அப்புறம் கேட்டுக்கலாம். ரெண்டாவது, அந்த ஜின் பேய்ப் படம். மட்டமான படம்தான். ஆனா பயமுறுத்துறேன்னு சொல்லி நிஜமாவே பயமுறுத்தினான். சொன்னதைச் செஞ்சான்."

"சரி டாக்டர், ஏமாத்தினது?"

இஷேன் அவள் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"எலாமான் படம்."

முன்வரிசைத் தலைகள் எல்லாம் பின்னால் திரும்பின.

"எடுத்ததுக்கெல்லாம் மலையைக் காட்டுறான். ஜன்னலைத் திறந்தா நமக்கும் அதே மலைதான். அதையாவது பொறுத்துக்கலாம். புருஷனைப் பறிகொடுத்த ஒரு பொம்பளை வர்றா. அவ வாயைத் திறக்கும்போதெல்லாம் கோமுஸ் வாத்தியத்தை மீட்டி அமுக்கிடுறான். அவளைப் பேச விட்டிருந்தா நல்ல படம். இவனுக்குப் பயம்."

"பல்லைப் பிடுங்கிப் பிடுங்கிக் கை சும்மா இருக்க மாட்டேங்குது," என்றான் ஒருவன்.

"நம்ம ஊர்ப் பையன் முன்னுக்கு வந்தா வயிறு எரியுதா?" என்றான் இன்னொருவன்.

அனார்கான் மெதுவாக எழுந்தாள். "நாலு பேர் நடுவுல என் பையனை அவமானப்படுத்துற வீட்டுல நான் பொண்ணு எடுக்கணுமா?"

இஷேன் பதறி எழுந்தார். "சம்பந்தியம்மா, கோவிச்சுக்காதீங்க. இவளுக்கு சினிமாவைப் பத்தி என்ன தெரியும்? அருமையான படம். நானே அழுதுட்டேன்."

சைக்கால் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அனார்கான் பக்கம் திரும்பினாள்.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னுதான் சொல்வேன், சம்பந்தியம்மா. மீரிம்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். 'என் கல்யாணத்துக்காக நீ பொய் சொல்லாதே'ன்னா. தோடு போடுறதும் போடாததும் உங்க இஷ்டம்."

"மாமா."

கடைசி வரிசையிலிருந்து எழுந்தவன் எலாமான். இஷேனைத்தான் கூப்பிட்டான்.

"எந்த இடத்துல அழுதீங்க?"

"அது வந்து... அந்த முடிவுல, தம்பி."

"முடிவுல கல்யாணம் நடக்குது, மாமா. எல்லாரும் ஆடுறாங்க."

இஷேன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"படம் இங்க ஒரு வாரம் ஓடுச்சு," என்றான் எலாமான். "இதே இடத்துல உட்கார்ந்துகிட்டு, யார் யார் வர்றாங்கன்னு தினமும் பார்த்தேன். ஊர்வலத்துல வந்த ஒரு முகம்கூட வரலை. டாக்டரம்மா மட்டும் வந்தாங்க. ஒருநாள் விடாம வந்தாங்க."

முன்வரிசைக்காரர்கள் டீக்கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

"பிடிக்காத படத்துக்கு எதுக்கு தினமும் போனே?" என்று இஷேன் கேட்டார். தெரியாமல்தான் கேட்டார்.

பதில் சொன்னவர் கெனேஷ். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "ஹால் காலியா இருந்தா படத்தைத் தூக்கிடுவேன்னு இவங்ககிட்ட சொல்லியிருந்தேன்."

"நல்லா இல்லைன்னு சொல்றதுக்கும் யாராவது முழுசாப் பார்க்கணுமே," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள் சைக்கால்.

கொஞ்ச நேரம் கழித்து, அவள் பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அனார்கான்.

"நானும் அந்தப் படத்தைப் பார்க்கலை. வாழ்த்த வந்தவங்களுக்கு டீ ஊத்தவே எனக்கு நேரம் சரியாப் போச்சு," என்றாள். பிறகு மகனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவன் யாரைப் பத்திப் படம் எடுத்திருக்கான்?"

சைக்கால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களைப் பத்தித்தான், சம்பந்தியம்மா."