பன்னிரண்டு குடுவைகள்

“இந்த நம்பரையெல்லாம் வீட்ல உக்காந்து எழுதினியா?”

பேராசிரியர் நோட்டை மேசைமீது போட்டார். இங்கே அளந்து எழுதியவைதான் என்றாள் ஆராய்ச்சி மாணவி. ஆய்வகத்தில் அவருக்குத் ‘தராசு’ என்று பெயர். ஒரு மில்லிகிராம் கூடினாலும் மறுபடி நிறுக்கச் சொல்வார்.

உப்பு மண்ணில் வாழ்ந்து அதைத் தேற்றும் பாக்டீரியாவுக்குத் தழைச்சத்தைக் கூட்டக் கூட்ட வளர்ச்சியும் கூடும் என்பது அவருடைய பழைய ஆய்வு. விவசாயிகளுக்குக் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்திலும் அவர் அட்டவணைதான். அவளுக்கோ மூன்று முறை செய்தும் வேறு மாதிரி வந்தது. உணவாகக் கலந்த சர்க்கரைக்கு ஏற்ற அளவில் தழைச்சத்து இருந்தால்தான் பாக்டீரியா பெருகிக் குடுவை கலங்கியது. மிஞ்சினால் தண்ணீர் தெளிவாகவே நின்றது.

தன் கண் முன்னால் செய்து காட்டாவிட்டால் பட்டத்தை மறந்துவிடலாம் என்றார் அவர்.

அவள் அண்ணனிடம் போனில் அழுதாள். கடல்நீர் புகுந்த நிலத்தில், அந்தப் பிரசுரத்தைப் பார்த்துத்தான் அவன் மூன்று போகமாக உரம் கொட்டிக்கொண்டிருந்தான். விதைத்தது எதுவும் தலைதூக்கவில்லை. அவனே, பெரிய மனுஷனோடு மல்லுக்கு நிற்காதே, அவர் கேட்கிற எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர் என்றான். அவளுக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் அவரே நிறுத்துப் போட்டார். பன்னிரண்டு குடுவைகள். மறுநாள் காலை முதல் ஆளாக வந்து, குனிந்து பார்த்தார்.

“ஏம்மா, ஒண்ணுகூட கலங்கலையே?”

தன்னை மடக்கப் பார்க்கிறார் என்று நினைத்தாள். இவ்வளவு உப்பில் எப்படியும் மூன்று நாள் ஆகும் என்று பயந்துகொண்டே சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை நான்கு குடுவைகள் நன்றாகக் கலங்கியிருந்தன. நான்கும் தழைச்சத்து அளவோடு இருந்தவை. அதிகம் போட்டவற்றில் அடியில் இருந்த எழுத்தைப் படிக்கலாம், அவ்வளவு தெளிவு. அவரே அளவெடுத்தார், அவரே எழுதினார். அவளுடைய எண்களுக்கும் அவர் எழுதியதற்கும் மயிரிழைதான் வித்தியாசம்.

சந்தோஷப்பட அவளுக்குத் தைரியம் இல்லை. தான் பார்க்காத ஏதோ ஒன்றை அவர் பார்த்திருப்பார் என்றே இன்னமும் நம்பினாள். மண் வேறா, பாக்டீரியா வேறா என்று யோசித்துக் களைத்துப்போய், கடைசியில் வாய்விட்டே கேட்டாள்.

“உங்களுக்கு மட்டும் எப்படி சார் அப்படி வந்துச்சு?”

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, அவளுடைய நோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

“நான் அதைச் செஞ்சே பார்க்கலைம்மா.”