ஒரே கயிற்றில் இரண்டு கட்சி

சர்ரென்று காகிதம் கிழியும் சத்தம் கேட்டது. கூடவே, "ஐயோ, என் கழுத்து!" என்று ஒரு கத்தல்.

சந்துக்குள் ஒரே கயிற்றில் பிணைத்த இரட்டை ஆட்டுக்குட்டிகள் நின்றிருந்தார்கள். செவலை, கொம்பு அரும்பும் வயசுக் கிடா. புள்ளிச்சி, அவனோடு பிறந்த பெட்டை. இந்தச் சுவரில் மீசைத் தலைவர் போஸ்டர். எதிர்ச்சுவரில் கண்ணாடி போட்ட தலைவி போஸ்டர்.

"உன் தலைவியைத் தின்னே தீருவேன் பாரு!" என்று செவலை அந்தப் பக்கம் இழுத்தான்.

"போடா, மீசைதான் முதல்ல!" என்று புள்ளிச்சி இந்தப் பக்கம் இழுத்தாள்.

"எங்காளு ஒரு முட்டு முட்டினா மலையே நகரும்டி!"

"முட்டினா புல்லு முளைக்குமா? எங்க தலைவி வந்தா பெட்டைங்களும் மந்தைக்கு முன்னால நடக்கலாம்."

"அவங்க சொன்னாங்களா?"

"மூஞ்சியிலயே தெரியுதுல்ல!"

உச்சிவெயில் வரைக்கும் இழுத்தார்கள். கிழிந்தது ஒரு மூலை மட்டும்தான். இரண்டு வயிறும் காலி.

அப்போது பசை வாளியோடு சைக்கிளில் வந்த ஒருவன், சந்து முடியும் சுவரில் புதுப் போஸ்டர் ஒட்டிவிட்டுப் போனான். மீசைத் தலைவரும் கண்ணாடித் தலைவியும் ஒரே மாலைக்குள் கழுத்தை நுழைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டணியாம்.

செவலைக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே நான் யாரைடி எதிர்க்கிறது?"

"எனக்கும் தெரியலடா. பசை காயறதுக்குள்ள வா."

"எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

"கீழேருந்து. எட்டுற வரைக்கும்."

இருவரும் தோளோடு தோள் நின்று புதுப் போஸ்டரை மேயத் தொடங்கினார்கள்.